அந்தப் பக்கமாத்தான் போறன்

என்மேல் அவர் சுமத்திய முதல் குற்றம், புதுச் சப்பாத்து.

கிரான்பர்னில் ஒரு சின்ன மண்டபத்தில் புதன்கிழமை தோறும் மதியச் சாப்பாட்டோடு கூடுகிற எங்கள் தொண்டர் சங்கத்துக்கு நான் போன முதல் நாள் அது. ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை செய்கிற எனக்குப் புதன்கிழமை ஓய்வு. வீட்டில் சும்மா இருந்து மனைவியின் வாயைக் கிளறாமல், நாலு பேருக்கு உதவியாக ஏதாவது செய்யலாமே என்று போயிருந்தேன். சாப்பிட்டு முடிந்ததும், எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா முன்னால் வந்து, தண்ணீர் குடிக்கிற ஒரு சில்வர் பேணியைக் கரண்டியால் தட்டினார். மண்டபம் அப்படியே அடங்கிப் போனது. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நேராக என்னைப் பார்த்தார்.

“அந்தக் கடைசிக் கதிரைத் தம்பி எழும்புங்கோ. காலிலை என்ன?”

“சப்பாத்து அன்ரி.”

“புதுசோ?”

“ஓம். போன கிழமை வாங்கினது.”

“சங்கத்துக்குச் சொல்லாமல் புதுச் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்தது குற்றம். தண்டனை, அடுத்த புதன் எல்லாருக்கும் கட்டச் சம்பல்.”

“எனக்குச் சம்பல் இடிக்கத் தெரியாது அன்ரி.”

“அது ரெண்டாவது குற்றம். ரொட்டியும் கொண்டு வாங்கோ.”

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. நான் உட்காரப் போனபோது மறுபடியும் பேணி ஒலித்தது. “மனுசி செய்து தந்தால் செல்லாது. உங்கடை கையாலை செய்யவேணும். வரேக்கை எத்தினை செத்தல் மிளகாய் போட்டனீங்கள், வெங்காயம் எப்ப போட்டனீங்கள் எண்டு கேப்பன்.” சொன்னபடியே அடுத்த புதன்கிழமை கேட்டார். உரலுக்கும் எனக்கும் ஏற்பட்ட முதல் அறிமுகம் அப்படித்தான் நடந்தது. என் மனைவி அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருக்குப் பின்னால் எல்லோரும் சொன்ன பெயர் தண்டனை அன்ரி. முன்னால் வெறும் அன்ரி.

இந்தத் தண்டனை வழக்கம் எப்படி வந்தது என்பதைப் பிறகுதான் கேட்டு அறிந்தேன். சங்கம் தொடங்கிய காலத்தில் ஆளுக்கொரு கறி கொண்டுவருவது என்றுதான் ஏற்பாடு. நம்மவர்களின் ஏற்பாடு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கிழமை எல்லோரும் பருப்பே கொண்டுவந்தார்களாம். இன்னொரு கிழமை சோறு கொண்டுவருவதாகச் சொன்னவர் வரவில்லையாம். மேசை நிறையக் கறி, போட்டுச் சாப்பிட ஒரு பிடி சோறில்லை. யாருடைய சட்டி முதலில் காலியாகிறது, யாருடையது மூடி திறக்காமல் வீட்டுக்குத் திரும்பிப் போகிறது என்பதில் மனத்தாங்கல் வேறு. ஒரு அக்காவின் கோழிக்கறியை யாரோ ‘பரவாயில்லை’ என்று சொல்லப்போய், இரண்டு குடும்பங்கள் முகம் பார்த்துக் கதைப்பதையே விட்டுவிட்டன.

அந்த நேரத்தில் பக்கத்து ஊர் வெள்ளைக்காரர்களின் சங்கமொன்றிலிருந்து ஒருவர் விருந்தாளியாக வந்திருக்கிறார். தங்கள் கூட்டங்களில் பகிடிக்கு ஒருவர் எழுந்து மற்றவர்கள் மேல் குற்றம் சாட்டிச் சில்லறை அறவிடுவார் என்று சொன்னாராம். அன்ரி இருந்த இடத்திலேயே, “காசு வேண்டாம், கறி போதும்” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர்தான் எங்கள் தண்டனை அதிகாரி. அவரை ஒருவரும் தெரிவு செய்யவில்லை. மறுக்கிற தைரியமும் ஒருவருக்கும் இருக்கவில்லை.

அதோடு சண்டை ஓய்ந்தது. கொண்டுவருவது தண்டனை என்று ஆனபிறகு அதில் என்ன பெருமை, என்ன போட்டி? சோறு குழைந்தாலும் கறி உறைத்தாலும் எல்லோரும் பகிடி பண்ணிக்கொண்டு சாப்பிட்டார்கள். போன கிழமையின் குற்றங்கள்தான் இந்தக் கிழமையின் சாப்பாடு. சோறும் கறியும் பச்சடியும் சரியாக அமைகிற மாதிரி அவர் குற்றங்களைப் பார்த்துப் பார்த்துப் பிடித்தார் என்பது எனக்கு விளங்க ஒரு வருடம் எடுத்தது.

அந்த வெள்ளைக்காரர் இன்னொரு விதியையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தண்டனை அதிகாரியை யாரும் தண்டிக்க முடியாது. சபையில் இருக்கிற அத்தனை பேரும் ஒருமனதாகக் கை தூக்கினால் மட்டும் முடியும். அன்ரி இந்த விதியை மிக மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டாராம். ஒரு மண்டபம் நிறையத் தமிழர் ஒரு விஷயத்துக்கு ஒன்றாகக் கை தூக்குவதை அவர் தன் ஆயுளில் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப் போவதுமில்லை என்பது அவருடைய நம்பிக்கை.

குற்றங்கள் எப்படியெல்லாம் வரும் என்று சொல்ல முடியாது. பிறந்தநாளைச் சொல்லாமல் மறைத்தது ஒரு குற்றம். மகள் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்ததைச் சபையில் இரண்டாம் தரம் சொன்னது இன்னொரு குற்றம். தலைமுடிக்கு மை பூசியவருக்குக் கறுத்த உழுத்தங்களி. பிந்தி வந்தவர்களுக்கு மன்னிப்பே இல்லை. அதற்கு எப்போதும் உழுந்து வடை. “வடைக்கு மா அரைச்சுப் பாருங்கோ, அப்ப தெரியும் நேரம் எண்டால் என்னெண்டு” என்பார்.

எங்கள் சங்கம் சாப்பாட்டுக்கு மட்டும் கூடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். புதிதாக வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை நிரப்புவோம். தனியாக இருக்கும் வயதானவர்களைக் காரில் ஏற்றி டொக்டரிடம் கொண்டுபோவோம். வருடத்தில் இரண்டொரு தரம் சனிக்கிழமைகளில் ஹாட்வேர் கடை வாசலில் கூடாரம் அடித்து, காசு சேர்க்க இறைச்சிச் சொசேஜ் பொரித்து விற்போம். தலைவர் சிவராசா அண்ணை சுத்த சைவம். முட்டை பொரித்த கரண்டியைக்கூடத் தொடமாட்டார். ஆனால் தலைவர் ஒதுங்கி நின்றால் அழகில்லை என்று, இடுக்கியை நீட்டிப் பிடித்து, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு சொசேஜ் பிரட்டுவார். அடுத்த புதன்கிழமை பேணி ஒலித்தது. “தலைவர் எழும்புங்கோ. சமைக்கிற சாமானைப் பாராமல் றோட்டைப் பாத்துக்கொண்டு சமைச்சது குற்றம். தண்டனை, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு. அதையெண்டாலும் பாத்துச் சமையுங்கோ.” சிவராசா அண்ணையின் கத்தரிக்காய்க் குழம்பு அந்த ஊரிலேயே பேர்போனது என்பது அன்ரிக்குத் தெரியும். அண்ணைக்கு அன்று முகமெல்லாம் பூரிப்பு.

அன்ரியின் கண்ணில் படாமல் போய்விடுவதுதான் எங்கள் எல்லோருக்கும் பயம். ஒரு முறை ஒரு அக்கா எனக்குப் போன் எடுத்தார். குரல் அழுகிற மாதிரி இருந்தது. “தம்பி, அன்ரிக்கு என்னிலை ஏதும் கோவமோ? கனநாளாய் எனக்கு ஒரு குற்றமும் சொல்லேல்லை.” நான் இதை அன்ரியிடம் மெல்லப் போட்டேன். அந்தப் புதன்கிழமையே அந்த அக்கா, ‘இரகசியமாகப் போன் கதைத்த’ குற்றத்துக்காக மரவள்ளிக்கிழங்குக் கறி தண்டம் வாங்கினார். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆட்களை டொக்டரிடம் கொண்டுபோகிற வேலையில் முக்கால்வாசியை அன்ரியே செய்தார். பழைய வெள்ளைக் கார் ஒன்று வைத்திருந்தார். கணவர் காலமாகிப் பல வருடங்கள். ஒரே மகன் நாட்டின் மறுகோடியில், பேர்த்தில். காரும் அவரும்தான் குடும்பம். யாருக்காவது லிஃப்ட் தேவை என்று அவருக்குத் தெரிந்தால் போதும், “வாங்கோ, நான் அந்தப் பக்கமாத்தான் போறன்” என்பார். எந்தப் பக்கம் என்று கேட்கமாட்டார். ஒரு நாள் ஒரு ஐயா, தங்கையின் பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள், கிரெய்கிபர்ன் போகவேண்டும் என்று சொல்லி வாய் மூடவில்லை, அன்ரி கார்ச் சாவியை எடுத்துவிட்டார். “நான் அந்தப் பக்கமாத்தான் போறன்.” கிரான்பர்ன் இருப்பது நகரத்தின் தென்கிழக்கு மூலையில், கிரெய்கிபர்ன் வடக்கு மூலையில். அந்தப் பக்கத்தில் அவருக்கு ஒரு குஞ்சு குருமானைக்கூடத் தெரியாது.

ஏறினவர் இறங்கும்போது நன்றி சொன்னால் அதுவும் குற்றம். அப்படிப் பிடிபட்டுப் பலர் இடியப்பம் அவித்திருக்கிறார்கள்.

இனி ராகவன் சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். சென்னைக்காரர். முதலில் பொயிண்ட் குக்கில் மகள் வீட்டில் இருந்தவர், பிறகு இந்தப் பக்கம் மகன் வீட்டுக்கு மனைவியோடு வந்தவர். வெயில் கொளுத்தினாலும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் குல்லா தலையில் இருக்கும். கார் ஓட்டமாட்டார். பஸ்ஸில் வந்து, எல்லோருக்கும் முன்னால் மண்டபத்தைத் திறந்து கதிரை போடுகிறவர் அவர்தான். ஒரு குளிர்காலத்தில் அவருடைய மனைவி திடீரென்று இறந்துபோனார். செத்த வீட்டுக்கு எல்லோரும் போனோம். அதற்குப் பிறகு அவர் சங்கத்துக்கு வரவில்லை. போன் எடுத்தாலும் எடுப்பதில்லை. மகன் மட்டும், “அப்பா ரூமை விட்டு வரமாட்டேங்கிறார்” என்றான்.

மாதங்கள் கழித்து ஒரு புதன்கிழமை வந்தார். ஒல்லியாகிப் போயிருந்தார். குல்லா காதுவரை இறங்கியிருந்தது. அவரிடம் என்ன கதைப்பது என்று தெரியாமல் எல்லோரும் மெதுவான குரலில் காலநிலையைப் பற்றிக் கதைத்தோம். சாப்பிட்டு முடிந்தது. பேணி ஒலித்தது.

“ராகவன் சார், எழும்புங்கோ.”

சிவராசா அண்ணை, “அன்ரி, இண்டைக்கு வேண்டாமே” என்று முணுமுணுத்தார்.

“சங்கத்துக்குச் சொல்லாமல் இவ்வளவு நாளும் வராமல் நிண்டது குற்றம். தண்டனை, சாம்பார்.”

ராகவன் சார் எழுந்து நின்றார். “எனக்கு அடுப்பு பத்த வைக்கக்கூடத் தெரியாதுங்க. எல்லாம் அவதான்…” என்றவர் அதோடு நிறுத்திவிட்டார்.

“தெரியும்” என்றார் அன்ரி. “அதுக்குத்தான் ஒரு கிழமை தந்திருக்கிறன். பருப்பு அவிஞ்சிட்டுதோ எண்டு தெரியாட்டி எனக்குப் போன் எடுங்கோ. ராத்திரியெண்டாலும் எடுங்கோ.”

அவர் போன் எடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த புதன்கிழமை ஒரு பெரிய பாத்திரத்தில் சாம்பார் வந்தது. அடி பிடித்து, புகை மணத்தது. புளி தூக்கலாக இருந்தது. நாங்கள் அதைக் கடைசிச் சொட்டுவரை சாப்பிட்டோம். கூட்டத்தில் அன்ரி ஒருநாளும் இருந்து சாப்பிட்டதில்லை. அவருடைய கதிரையில் கைப்பை மட்டும்தான் இருக்கும், அவர் மேசைக்கு மேசை நடந்துகொண்டே இருப்பார். அன்றைக்கு ஒரு தட்டு எடுத்து, நின்றபடியே, அந்தச் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டார். ராகவன் சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று குல்லாவால் முகத்தைத் துடைத்தார். நானும் அழுதுவிட்டேன், சாம்பார் உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகுதான் ராகவன் சார் எங்கள் எதிர்க்கட்சி ஆனார். அன்ரியையே தண்டித்துப் பார்க்கவேண்டும் என்று நாங்கள் இடைக்கிடை முயற்சி செய்வோம். ஒருமுறை விருந்தினர் உரையின்போது அவர் கொட்டாவி விட்டார் என்று தீர்மானம் கொண்டுவந்தோம். இன்னொருமுறை கண்ணைப் பறிக்கிற ஊதாப்பூக் கம்பளிச்சட்டைக்காக. எல்லாக் கைகளும் மேலே போகும். ராகவன் சார் மட்டும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, “ஒரு சபைன்னா எதிர்க்கட்சின்னு ஒண்ணு வேணுமில்லையா? நான் எதிர்க்கிறேன்” என்பார். தீர்மானம் தோற்கும். அன்ரி அவரைப் பார்த்துத் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, அடுத்த நிமிஷமே ஏதாவது குற்றம் கண்டுபிடித்து அவருக்கு ஒரு தண்டனை போடுவார். இந்த விளையாட்டு எத்தனையோ வருடம் நடந்தது. அந்த மண்டபத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் முதலில் கேட்பது அந்தச் சிரிப்புத்தான்.

பிறகு ஒரு மாரிகாலத்தில் அன்ரி பிந்தி வரத் தொடங்கினார்.

முதல் தரம், “றோட்டிலை வேலை நடக்குது” என்றார். அடுத்த தரம், “கார் ஸ்ரார்ட் ஆகேல்லை” என்றார். சேலைக் கரையும் சப்பாத்தும் நனைந்திருந்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரைத் தண்டிக்கத்தான் முடியாதே. இதில் வேடிக்கை என்னவென்றால், நேரத்துக்கு மண்டபம் திறக்கிற ராகவன் சாரும் பிந்தத் தொடங்கினார். சாவியைச் சிவராசா அண்ணையிடம் கொடுத்துவிட்டார். அன்ரி வந்து மூச்சு வாங்கி முடிவதற்குள் அவர் உள்ளே நுழைவார். அன்ரி கூசாமல் பேணியைத் தட்டி, “பிந்தி வந்த குற்றம். உங்களுக்கு வடை வராது, சாம்பாரே கொண்டு வாங்கோ” என்பார். தானும் பிந்தி வந்து, தனக்குப் பின்னால் வந்தவருக்குத் தண்டம் போடுகிறாரே என்று சிலர் முகம் சுளித்தார்கள். ராகவன் சார் ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. கிழமைக்குக் கிழமை சாம்பார் வந்தது. அதற்குள் அவர் நல்ல கைக்காரராகியிருந்தார்.

ஒரு புதன்கிழமை, மருந்துக்கடைக்குப் போய்விட்டு வழக்கமில்லாத பாதையால் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தேன். பெரிய றோட்டு ஓரத்து பஸ் தரிப்பில், துவாயால் சுற்றிய ஒரு சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அன்ரி இருந்தார். காரை நிறுத்தி இறங்கிக் கிட்டப் போனேன். அவர் என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார்.

“ஆரது?” என்றார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இன்னும் கிட்டப் போய்ப் பேசினபிறகுதான் முகம் மாறியது. “நீயோ. ஏன் நிக்கிறாய்? போ, பிந்தப் போறாய்.”

“என்ன அன்ரி, கார் எங்கை?”

அவர் துவாயின் முடிச்சை இறுக்கினார். “வித்துப்போட்டன். இனி ஓடக்கூடாதெண்டு கண் டொக்டர் சொல்லிப்போட்டார். நடுவிலை ஒரு கறுப்பு. ஓரத்தாலைதான் பாக்கிறன்.”

“ஏறுங்கோ. நானும் அந்தப் பக்கமாத்தான் போறன்.”

அவர் சிரித்தார். எனக்குப் பிடிக்காத ஒரு சிரிப்பு. “அந்தக் கதையை ஆருக்கு விடுறாய்? அதை நான் எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன்.”

“கூட்டத்துக்குத்தானே அன்ரி போறன்.”

“இண்டைக்குப் போறாய். அடுத்த கிழமை? அதுக்கடுத்த கிழமை? ஆக்களை ஏத்தி இறக்கினவள், இனி உங்கடை வாசலைப் பாத்துக்கொண்டு நிக்கிறதோ? அது என்னாலை ஏலாது.” பிறகு குரலைத் தணித்தார். “ஒருத்தருக்கும் சொல்லாதை. அடுத்த கிழமை கடைசி. மகனிட்டைப் பேர்த்துக்குப் போறனெண்டு சொல்லிப்போட்டு வராமல் நிண்டிடுவன்.”

“உண்மையாப் போறியளோ?”

“அவன் கேக்கிறான்தான். அங்கை போய் என்ன செய்யிறது? வீட்டிலை இருப்பன்.”

எனக்குக் கோபம் வந்தது. யார் யாரையோ டொக்டரிடம் கொண்டுபோவதற்காக ஒரு சங்கமே வைத்திருக்கிறோம். அதைக் கட்டி வளர்த்த மனுசி, ஒரு லிஃப்ட் கேட்பதைவிட வீட்டுக்குள் தனியாக அடைந்து கிடக்கத் தயாராக இருக்கிறார். அப்போது பஸ் வந்தது. அவர் படியைக் காலால் தடவிப் பார்த்து ஏறினார். பஸ் நகர்ந்தபோது பின் ஜன்னலில் ஒரு சாம்பல் நிறக் குல்லா தெரிந்தது. இருந்த மனநிலையில் அதை நான் யோசிக்கவில்லை.

சொல்லாதே என்றால் சொல்லக்கூடாது. அந்த ஒரு கிழமையும் சாப்பாடு இறங்காமல் திரிந்தேன்.

அடுத்த புதன்கிழமை அவர் அந்த ஊதாப்பூக் கம்பளிச்சட்டையோடு பிந்தி வந்தார். பின்னாலேயே ராகவன் சார் வந்தார். சாப்பாடு முடிந்தது. பேணி ஒலித்தது.

“இண்டைக்கு ஒருத்தருக்கும் தண்டனை இல்லை” என்றார் அன்ரி. சபை ஆரவாரம் செய்தது. அவர் கையை உயர்த்தினார். “நான் மகனிட்டைப் பேர்த்துக்குப் போறன். இனி வேறை ஆளைப் பாருங்கோ. இந்தப் பேணியையும் வைச்சிருங்கோ.”

ஆரவாரம் நின்றது. யாரோ “எப்ப அன்ரி?” என்றார்கள். அவர் பேணியை மேசையில் வைக்கப்போய், மேசை விளிம்பை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார்.

ராகவன் சார் எழுந்தார். “தலைவரே, ஒரு தீர்மானம் இருக்கு.”

“சொல்லுங்கோ சார்.”

“குற்றவாளி நம்ம அன்ரி. குற்றம், கார் வெச்சிருக்கிறவங்க இத்தனை பேர் இங்க இருக்கும்போது, மழையில பஸ்ல வந்தது.”

அன்ரி சட்டென்று என் பக்கம் திரும்பினார். “ஆர் சொன்னது?”

“யாரும் சொல்லலைங்க” என்றார் ராகவன் சார். “நானும் அதே பஸ்லதானே வர்றேன். பின் சீட்டு. நீங்க இறங்கி ரோட்டைக் கடந்து உள்ள போறவரைக்கும் பின்னாடியே நிப்பேன். அப்புறம்தான் நான் வருவேன்.”

அன்ரிதான் முதலில் பேசினார். குரல் உள்ளே போயிருந்தது.

“அதுக்குத்தானோ பிந்தினனீங்கள்?”

“ஆமாங்க. அதுக்குத்தான் இத்தனை சாம்பார் வெச்சேன்.”

யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு எல்லோரும் சிரித்தோம், பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிவராசா அண்ணை தொண்டையைச் செருமினார். “தீர்மானத்தை ஆதரிக்கிறவை கையைத் தூக்குங்கோ.”

கைகள் எழுந்தன. ஒருநாளும் எதற்கும் இணங்காதவர்கள், கோழிக்கறியால் கதைக்காமல் இருந்த இரண்டு குடும்பங்கள், எல்லோரும். நான் இரண்டு கைகளையும் தூக்கினேன். அன்ரி சபையைப் பார்த்தார். கைகள் அவருக்குத் தெரிந்தனவோ என்னவோ, அவர் தேடியது ஒருவரைத்தான்.

“எதிர்க்கட்சி எங்கை?” என்றார்.

ராகவன் சாரின் கை எல்லோரையும்விட உயரமாக இருந்தது. “எதிர்க்கட்சி கட்சி மாறிடுச்சுங்க.”

“என்ன தண்டனை?” என்று கேட்டார் சிவராசா அண்ணை. அதை யாரும் யோசித்திருக்கவில்லை. ராகவன் சார் மட்டும் யோசித்திருந்தார்.

“ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தப் பக்கமா வர்றவங்க யாராவது கூட்டிட்டு வருவாங்க. முன் சீட்டுல உட்கார்ந்து வரணும். நன்றி சொல்லக்கூடாது.”

அன்ரி நின்ற இடத்திலேயே நின்றார். அவர் மறுத்துவிட்டுக் கதவைத் திறந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். போகக்கூடியவர்தான். ஆனால் தன் சொந்தச் சட்டத்தை அவரே எப்படி மீறுவார்? மெதுவாகத் தன் கதிரைக்கு வந்து, கைப்பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கதிரையில் அவர் இருந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

“ஒருத்தரெண்டாலும் கையைக் கீழை வைச்சிருக்கலாம்” என்றார். பிறகு, “ஆரும் எனக்கு ஒரு தட்டுத் தாங்கோ. பசிக்குது.”

அதற்குப் பிறகு மூன்று வருடம் போல முறை வைத்து அவரை ஏற்றி வந்தோம். போகிற எல்லோரும் வாசலில் நின்று, “நான் இந்தப் பக்கமாத்தான் வந்தனான் அன்ரி” என்போம். அவர் “ஓமோம்” என்று சொல்லி ஏறுவார். பாதையைக் கண்ணால் பார்க்காமலே என்னுடைய ஓட்டத்தில் குற்றம் பிடித்தார். திருப்பத்தில் பிறேக்கை அழுத்தியதற்குக் கீரைப் பிட்டு. அவரைக் கூட்டிவரப் பிந்திப்போனால் வழக்கம்போல் உழுந்து வடை. வீட்டில் இறங்கும்போது வாயைத் திறந்து ஏதோ சொல்லவருவார். “அன்ரி, தண்டனை” என்பேன். வாயை மூடிக்கொண்டு, என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு இறங்குவார். நான் என் வாழ்க்கையில் வாங்கிய நன்றிகளில் அதுதான் பெரியது.

போன வருடம் அவர் போய்விட்டார். நித்திரையிலேயே. பேர்த்தில் இருந்து மகன் வந்து எல்லாம் செய்தார்.

பேணி இப்போதும் மண்டபத்து அலுமாரியில் இருக்கிறது. அதைத் தட்டுகிற உரிமை தனக்கு இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. சாப்பாடு ஒரு கடையில் இருந்து வருகிறது. நல்ல சாப்பாடுதான், சோறு குழைவதில்லை, அடி பிடிப்பதில்லை. யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

போன புதன்கிழமை நான் உழுந்து வடை சுட்டுக்கொண்டு போனேன். ராகவன் சார் ஒன்றைக் கையில் எடுத்து, சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். நான் நேரத்துக்கே வந்திருந்தேன்.

“லேட் இல்லையே தம்பி. அப்ப என்ன குற்றம்?”

“போன கிழமை அன்ரி வீட்டு றோட்டாலை வந்து பிந்தினனான் சார்.”

அவர் வடையைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “உங்க வீடு அந்தப் பக்கம் இல்லையே.”

“இல்லை” என்றேன்.